குளத்துச் சேறும் வாப்பாவின் ஆறு தென்னையும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். போன வாரம் எங்கள் பாடசாலை நுணுக்குக்காட்டியில் எடுத்த ஒரு படத்தை இங்கே போட்டிருந்தேன். "என்ன டீச்சர் இது, கொரோனாவா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அது பாடசாலை வாசலில் நிற்கிற செவ்வரத்தைப் பூவின் மகரந்தமணி. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு போனால் எங்கள் வீட்டுக் கதை வந்துவிட்டது.

தொடங்கியது தேனில். தரம் 10 இல் படிக்கிற ஒரு பிள்ளையின் வாப்பா காட்டுத் தேன் எடுத்து விற்கிறவர். அவர் சீனிப்பாணி கலக்கிறார் என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். பிள்ளை ஒரு சோடாப் போத்தலில் தேனைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, "இதைச் சோதிச்சுப் பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்றான். கண்ணில் தண்ணீர். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, கடதாசியில் தடவிப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் ஊரில் செய்வார்கள். அவை ஒன்றையும் நம்ப முடியாது. ஆனால் தேனீ பூவுக்குப் போனால் மகரந்தத்தோடுதான் திரும்பும். ஆகவே தேனை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஒரு நாள் அடைய விட்டோம். அடியில் இருந்த ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, சஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம்.

சுப்ஹானல்லாஹ். அந்தத் துளிக்குள் ஒரு காடே இருந்தது. முக்கோணம், உருண்டை, நெல்மணி போல நீண்டது, மூன்று பிளவு உள்ளது, வலை பின்னியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். நூறு மணி எண்ணிப் பார்த்தோம், குறைந்தது ஒன்பது வகை இருந்தது. பூவுக்குப் போகாத தேனீயின் தேனில் இவ்வளவு மகரந்தம் இராது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். நல்ல தேனில் பிறகு பாணி கலந்தாலும் மகரந்தம் கிடக்கத்தான் செய்யும், ஆகவே இதை வைத்து மட்டும் முழுத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அந்த இரண்டாவது வசனத்தை அந்தப் பிள்ளை விரும்பவில்லை. எனக்கும் விருப்பமில்லைதான். ஆனால் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கக் கூடாது.

பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: "இதில எது பாலைப் பூ, எது வீரைப் பூ என்று எப்படித் தெரியும் டீச்சர்?"

எனக்குத் தெரியாது. அதைத் தேடப் போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

மகரந்தமணியின் உள்ளே இருப்பது சில மணி நேரத்திலோ நாளிலோ செத்துவிடும். வெளிக்கூடு சாகாது. அது ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க இரசாயனவியலாளர் பல பதிற்றாண்டு திணறியிருக்கிறார்கள், அவ்வளவு பிடிவாதமான பொருள். ஆய்வுகூடத்தில் சேற்றிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்கும்போது முதலில் ஐதரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பைக் கரைப்பார்கள், பிறகு காரத்தில் கொதிக்க வைப்பார்கள். அதற்குப் பிறகு கண்ணாடியையே தின்கிற ஐதரோபுளோரிக் அமிலத்தை விட்டு மணலைக் கரைப்பார்கள். எல்லாம் கரைந்து போன பிறகும் மகரந்தக் கூடு அப்படியே நிற்கும். (பிள்ளைகளே, இதை நாங்கள் பாடசாலையில் செய்யப் போவதில்லை. அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்பு வரைக்கும் போகும்.)

ஒவ்வொரு வகைச் செடிக்கும், அல்லது ஒவ்வொரு குடும்பத்துக்கும், கூட்டின் வடிவம் வேறு. புல், நெல் எல்லாம் வழுவழுப்பான உருண்டை, அதில் வளையம் போட்ட ஒரே ஒரு துளை. தென்னையும் பனையும் ஒற்றைப் பிளவோடு தோணி மாதிரி இருக்கும். காற்றில் பறந்து சதுப்பிலோ ஏரியிலோ விழுந்து, சேறு மூடிவிட்டால், அது ஆயிரமாயிரம் வருடம் அங்கேயே கிடக்கும். மேலே கிடப்பது புதியது, கீழே கிடப்பது பழையது. நீளக் குழாயை இறக்கிச் சேற்றைக் குத்தி எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் முந்நூறு மணி அளவில் எண்ணினால், அந்தந்தக் காலத்தில் சுற்றி நின்ற காடு எது என்று தெரியும். வயதைக் காபன்-14 சொல்லும். 1916 இல் லெனார்ட் வொன் போஸ்ட் என்ற சுவீடன் நாட்டுக்காரர் இப்படி எண்ணி வரைந்த வரைபடங்களை முதன்முதலாகச் சபையில் காட்டினார். நூறு வருடத்துக்குக் கொஞ்சம் கூடிய விஞ்ஞானம்தான் இது.

எங்கள் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். ஹோட்டன் சமவெளிச் சதுப்பில் ரத்னசிறி பிரேமதிலக்க என்ற ஆய்வாளர் குத்தி எடுத்த சேற்றில் ஏறத்தாழ 24,000 வருடக் கதை இருந்தது. கீழே உலகமே குளிர்ந்து மழை குறைந்திருந்த காலம், அங்கே வறண்ட திறந்த வெளித் தாவரங்கள். அதற்கு மேலே பருவமழை பலமாகி மழைக்காடு பெருகி வருகிறது. பதினேழாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே மனிதர் தானியப் புல்லைப் பராமரித்த அடையாளம் இருக்கிறது என்றும் அவர் எழுதினார். அதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. தானியத்தின் மகரந்தத்தைக் காட்டுப் புல்லின் மகரந்தத்திலிருந்து பெரும்பாலும் அளவை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், இரண்டின் அளவும் ஒன்றோடொன்று இடறும். எங்கள் நெல்லுக்கும் அதே பிரச்சினைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி வீட்டுக் கதை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் உம்மாவின் வயிற்றில். பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். வளர்ந்ததும் அங்கேதான். களப்போரத்துக் கண்டல் மரங்களுக்குள் நண்டு பிடித்தும், அந்தக் கண்டலை வெட்டி இறால் பண்ணை போடுவதைப் பார்த்தும் வளர்ந்தவள். ஊர் என்றால் எனக்கு வாப்பாவின் வாயில் இருந்த ஒரு இடம். முல்லைத்தீவு, கிணறு, கிணற்றைச் சுற்றி ஆறு தென்னை, குளக்கட்டில் ஒரு பெரிய மருதமரம், அதில்தான் மாடு கட்டுவது. இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஆறு தென்னைக்கும் ஆறு பெயர் வைத்திருந்தார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்து வாப்பா திரும்பி வந்து பார்த்தபோது ஊர் இல்லை. காடு இருந்தது. இருபது வருடம் ஆள் இல்லாத நிலத்தை வன்னி சும்மா விடாது. முதலில் நாயுண்ணியும் சூரையும் வரும், பிறகு உடை, ஈச்சம்பற்றை, அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பெரிய மரங்கள். வாப்பா ஒரு திணைக்களத்துக்குப் போனார். அங்கே வரைபடத்தில் எங்கள் காணி பச்சை நிறம். "இது காடு" என்றார்கள். வாப்பாவிடம் பெர்மிட்டின் கிழிந்த பிரதி ஒன்று மட்டும் இருந்தது, அதிலும் இலக்கம் தெளிவில்லை. 1990 இல் அவசரமாகக் கிளம்பியவர்கள் உறுதியையும் பெர்மிட்டையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காட்டை அழிக்க வந்தவர்கள் என்று எங்களைப் பற்றிப் பத்திரிகையிலும் முகநூலிலும் எழுதியவர்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை நான் மீண்டும் கிளறவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காடு பொய்க் காடு இல்லை. வகுப்பில் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று படிப்பிக்கிறேன், உண்மையாகத்தான் படிப்பிக்கிறேன். பின்னேரம் வீட்டுக்குப் போனால் வாப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். யானை அந்தப் பக்கத்தால் தண்ணீருக்கு வருகிறது. மயில் முட்டையிடுகிறது. இருபது வருடத்தில் வந்தவை என்றாலும் அவையும் வந்து குடியேறியவைதான். வாப்பாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் ஆரு மகள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

நான் மகரந்தம் பற்றிப் படித்துக்கொண்டிருந்த இரவுகளில் மண்டைக்குள் ஒரு திட்டம் ஓடியது. எங்கள் பழைய குளத்துச் சேற்றை ஒரு ஆய்வாளரைக் கொண்டு குத்தி எடுத்தால்? கீழே பழைய காட்டின் பாலையும் வீரையும், அதற்கு மேலே ஒரு தட்டில் நெல்லும் தென்னையும், அதற்கும் மேலே திரும்பப் பற்றைக்காடு. நடுவில் கிடக்கிற அந்தத் தட்டுத்தான் எங்கள் ஊர். கடதாசி தொலைந்தாலும் சேறு சாட்சி சொல்லுமே!

இதே மாதிரி வேலையைத் தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆசையை ஊட்டியது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் என்று ஒரு கண்டல் காடு இருக்கிறது. சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது கண்டல் காட்டில் நிற்கிற ஒரு மரம், பால் பட்டால் கண் எரியும். அந்த மரத்தின் பெயரில் ஊர் இருக்கிறது, மரத்தைப் பார்க்க இன்று பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். எங்கள் மாங்குளமும் புளியங்குளமும் மாதிரி. ஊர்ப் பெயரும் ஒரு வகையில் சேற்றில் கிடக்கிற மணிதான்.

அந்தப் பிச்சாவரத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த கராத்தினி, பிளாஸ்கோ, தணிகைமணி என்ற மூவர் ஒரு வேலை செய்து 1973 இல் வெளியிட்டார்கள். பழைய சேற்றுக்குப் போக முன், இன்றைய சேற்றைப் பார்த்தார்கள். இன்று நிற்கிற மரங்களுக்கும் இன்று விழுகிற மகரந்தத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி. இது எவ்வளவு புத்தியான கேள்வி என்று எனக்குப் படித்த பிறகுதான் விளங்கியது. ஏனென்றால் மரங்கள் நேர்மையாக ஆளுக்கு இத்தனை என்று மகரந்தம் போடுவதில்லை. முட்டுக்கால் வேரோடு நிற்கிற கண்டல் அள்ளிக் கொட்டும், காற்றிலும் நீரிலும் தூரம் போகும். மூச்சுவேர் விடுகிற கண்ணா மரம் நெருக்கமாக நின்றாலும் சேற்றில் கொஞ்சமாகத்தான் தெரியும். பூச்சிகளை நம்பியிருக்கிற காட்டு மரங்கள் பல அடையாளமே இல்லாமல் போகும். ஆகவே எண்ணிக்கையை அப்படியே எடுத்துக் காட்டை வரைந்தால் பிழையான காடு வரும். ஊர்க் கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்களை எண்ணிச் சனத்தொகை எடுத்த மாதிரி.

அந்த மூவரில் தணிகைமணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனமில்லை. 1938 இல் பிறந்த தமிழர். தென்னை, பனை, கமுகு அடங்கிய குடும்பத்தின் மகரந்தம் பற்றி 1970 இல் பிரெஞ்சு மொழியில் பெரிய நூல் எழுதியவர். பனையோலைக்குள் வளர்ந்த எங்களுக்கு அவரைத் தெரியாது. கண்டல் மரங்களின் மகரந்தம் பற்றி ஒரு நூலை எழுதிவைத்திருந்தார். 1986 செப்டெம்பர் 5 ஆம் திகதி கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் 73 விமானத்தை ஆயுததாரிகள் பிடித்துவைத்துச் சுட்டார்களே, அதில் இறந்தவர்களில் அவரும் ஒருவர். நூல் அடுத்த வருடம், 1987 இல் வந்தது. ஆசியாவில் கண்டல் சேற்றை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதை விரித்து வைத்துக்கொண்டுதான் மணியை அடையாளம் காண்கிறார்கள். அந்த நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு செடியின் மகரந்தம், பெயர், எடுத்த இடம். பழையதை அறிய முதலில் இன்றையதைச் சேர்த்து வைக்க வேண்டும். என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

கேரளத்துக் கதை ஒன்றும் உண்டு. குட்டநாட்டுப் பக்கத்தில் கரிநிலம் என்று கறுத்த வயல்கள். உழும்போதும் வெட்டும்போதும் நிலத்துக்குள்ளிருந்து கரி நிறத்தில் முழு மரங்கள் வரும். வயது பார்த்தால் பல ஆயிரம் வருடம். பூனாவின் அகார்கர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமரன் முதலானோர் அந்த மரங்களையும் சேற்று மகரந்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். மழை இன்றையதைவிட மிகவும் பலமாக இருந்த காலத்தில் கரையோரம் வரைக்கும் பசுமைமாறாக் காடும் சதுப்புக் காடும் கண்டலும் இருந்திருக்கின்றன, மழை குறையக் குறைய அவை பின்வாங்கியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சமிருக்கிற காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகள், முழங்கால் மாதிரி வேரை மடித்து நிற்கிற மரங்கள், அந்தப் பெரிய காட்டின் துண்டுகள்.

இதெல்லாம் படித்துவிட்டு, துணிந்து ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அழைப்பு எடுத்தேன். தெரிந்தவர் மூலம் இலக்கம் கிடைத்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், உங்கட குளம் வத்துமா?"

"ஓம், ஆவணி புரட்டாதியில வெடிச்சுக் கிடக்கும்."

"அப்ப மகரந்தம் கிடைக்கிறது கஷ்டம்."

அவர் விளக்கியது இது. அமிலத்துக்கு அசையாத அந்தக் கூட்டுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, அது ஒட்சிசன். சேறு எப்போதும் நனைந்தபடி, காற்றுப் படாமல் இருக்க வேண்டும். ஒரு வருடம் காய்ந்து வெடித்து, அடுத்த மாரியில் நனைந்து, திரும்பக் காய்ந்தால் கூடு உக்கிவிடும், பக்டீரியாவும் பங்கசும் தின்றுவிடும். ஹோட்டன் சமவெளி குளிர், எப்போதும் ஈரம், அதனால் இருக்கிறது. வன்னிக் குளம் அப்படியில்லை. அதோடு எங்கள் ஆட்கள் குளத்தைத் தூர் வாருவார்கள், வண்டலை வயலுக்கு ஏற்றுவார்கள், மாடு மிதிக்கும். அடுக்கு அடுக்காக இருக்க வேண்டியது கலங்கிப்போகும். இன்னொன்று, காபன்-14 ஆயிரக்கணக்கான வருடத்துக்கு நல்லது, எங்கள் இருபது வருடம் அதற்குக் கண்ணில் படாது. கிட்டிய காலத்துக்கு ஈயம்-210 என்று வேறொரு முறை இருக்கிறது, அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 22 வருடம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் விழுந்த சீசியம்-137 உம் 1963 அளவில் ஒரு குறி வைத்திருக்கிறது. ஆனால் அவையும் கலங்காத சேறு கேட்கும்.

"களப்பில எடுத்தால்?" என்று கேட்டேன்.

களப்பில் வாய்ப்பு இருக்கிறது என்றார். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில் குத்தி எடுத்த சேற்றில் பல ஆயிரம் வருடத்துச் சுனாமிகள் போட்ட மணல் அடுக்கடுக்காகக் கிடந்ததாம். நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் நல்ல இடம் கிடைத்தால் 2004 டிசம்பர் 26 ஒரு மணல் கோடாக இருக்கக் கூடும். அதற்குக் கீழே என்ன, மேலே என்ன என்று பார்க்கலாம். ஆனால் களப்பில் விழுவது முழுப் பிரதேசத்தின் மகரந்தம். முல்லைத்தீவில் தென்னை இருந்தது என்று சொல்லும். எங்கள் வளவில் ஆறு தென்னை இருந்தது என்று சொல்லாது.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குந்திக்கொண்டிருந்தேன். உம்மா "என்ன மகள், ஆரும் மௌத்தா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். காய்ந்த மண்ணிலும் நிற்கிற ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். செடிகள் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தங்கள் கலங்களுக்குள் நுண்ணிய கல்லாக்கி வைத்துக்கொள்கின்றன. பைட்டோலித் என்பார்கள். இலை உக்கினாலும் எரிந்தாலும் கல் மண்ணில் கிடக்கும். ஒட்சிசனுக்கு அசையாது. நெல் உமியில் இரட்டைக் கொம்பு வைத்த மாதிரி ஒரு வடிவம், மகரந்தத்தில் பிரிக்க முடியாத நெல்லை இதில் ஓரளவு பிரிக்கலாம். தென்னை, பனைக் குடும்பம் முள்ளு வைத்த சிறு உருண்டைகளைக் கணக்கில்லாமல் போடும். தென்னையா பனையா என்று பிரிப்பது கடினம், ஆனால் அந்தக் குடும்பம் நின்ற மண் என்று தெரியும். கரியும் அப்படித்தான். மன்னார்ப் பக்கம் மாந்தையில் பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது கருகிய நெல்லும் மிளகும் ஒரு கராம்பும் கிடைத்தன. அந்தக் கராம்பு ஆயிரம் வருடம் அளவில் பழையது, இந்தோனேசியத் தீவிலிருந்து வந்தது. எரிந்தபடியால்தான் அது இன்றுவரை இருந்தது.

நான் வாப்பாவிடம் போய், உங்கள் தென்னைகள் மண்ணுக்குள் முள்ளு உருண்டையாக இன்னும் இருக்கலாம் என்று சொன்னேன். வாப்பா சிரித்தார். "மண்ணுக்குள்ள போய்த் தேடுறியா? வா, நான் காட்டுறேன்."

அன்றுதான் முதன்முதலாகக் காணிக்குள் போனேன். அதுவரைக்கும் கண்ணிவெடி அகற்றிய பலகை, பாம்பு, யானை என்று ஏதாவது ஒரு சாட்டு. வாப்பாவோடு அவருடைய பழைய கூட்டாளி ஒருவரும் வந்தார், பக்கத்து ஊர்த் தமிழர். 2009 வரைக்கும் இங்கேயே இருந்து எல்லாவற்றையும் இழந்தவர். இருவரும் முன்னால் கத்தியால் வெட்டி வெட்டிப் போகிறார்கள், நான் பின்னால் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள். "நானா, இன்னும் கிழக்கால, இன்னும் கிழக்கால" என்று அவர் சொல்லச் சொல்ல வாப்பா திரும்பினார். தானே வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தவர் அவர் சொல்லைக் கேட்டு நடந்தார்.

கிணறு இருந்தது. கட்டு உடைந்து, உள்ளே ஈச்சை முளைத்து, அரைவாசி மண் மூடி. சுற்றி இரண்டு தென்னங் குத்திகள், தலை இல்லாமல். செல் பட்டதா, இடி விழுந்ததா தெரியாது. மற்ற நான்கும் இல்லை. குளக்கட்டில் மருதமரம் நின்றது. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத பருமன். வாப்பா அதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கூட்டாளி வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது.

நான் ஒரு பையில் கிணற்றடி மண் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தேன். மேல் மண் இல்லை, ஒரு முழம் கீழே. அந்த விரிவுரையாளர் மாணவர் ஒருவரிடம் பார்க்கச் சொல்லலாம் என்றார். பார்த்துச் சொல்லட்டும். அதைக் கொண்டு கந்தோரில் காட்டிக் காணி கேட்கிற எண்ணம் இப்போது இல்லை. முள்ளு உருண்டைக்கு உறுதி எழுதத் தெரியாது, அங்கே தென்னை நின்றது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கிணற்றைப் பார்க்க உத்தியோகத்தர் ஒரு முறை வந்து போனார்கள், படம் எடுத்தார்கள், குறித்துக்கொண்டார்கள். கோப்பு இன்னும் மேசையில். வாப்பா மருதமரத்தை வெட்ட மாட்டேன் என்றும், கிணற்றடி அரை ஏக்கர் கிடைத்தால் போதும், பின்பக்கத்துக் காட்டைத் தொட மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எழுதச் சொன்னது நான்தான். வீட்டில் எல்லோருக்கும் அதில் சம்மதம் என்று சொல்ல முடியாது. என் நானா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவுக்குக் கீழே யார் முதலில் வந்தது, யாருடைய மண் என்று யாரும் தொடங்க வேண்டாம். தொடங்கினால் அழித்துவிடுவேன்.

தேன் கொண்டு வந்த பிள்ளை இப்போது வகுப்பில் மகரந்த அல்பத்தின் பொறுப்பாளர். பழைய தகடுகளைக் கழுவி, கிளிசரினில் பதித்து, ஓரத்துக்கு நகப்பூச்சு பூசி மூடுகிறோம். இதுவரைக்கும் 31 சேர்ந்திருக்கிறது. நெல், தென்னை, முருங்கை, வேம்பு, பூவரசு, செவ்வரத்தை, பூசணி, களப்பிலிருந்து கண்டலும் கண்ணாவும். தேனில் கண்ட ஒன்பதில் மூன்றுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டோம், மூன்றும் காட்டு மரங்களும் பற்றைகளும்தான். அவனுடைய வாப்பாவைப் பற்றிய கதை எப்படியோ அடங்கிவிட்டது.

தென்னம்பூவைக் கொண்டு வந்தது என் வாப்பா. மருந்துக் கடைக் கடதாசியில் மடித்துக்கொண்டு பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டார். இப்போது நாங்கள் இருக்கிற வீட்டு முற்றத்துத் தென்னை அது, புத்தளத்திலிருந்து லொறியில் கன்றாகக் கொண்டு வந்தது. தகட்டில் பெயர், இடம், திகதி எழுத வேண்டும். "எந்த இடம் எழுதுறது?" என்று பிள்ளை வாப்பாவிடமே கேட்டான். வாப்பா யோசித்துவிட்டு, "முளைச்சது புத்தளம். பூத்தது இஞ்ச. உங்களுக்கு எது வேணும்?" என்றார். ஒட்டுத்துண்டு சின்னது, அவன் இரண்டையும் பொடி எழுத்தில் எழுதிவிட்டான்.

உங்கள் பக்கத்தில் காட்டு மரம் ஏதாவது பூத்தால் ஒரு கொத்துக் கொண்டு வந்து தாருங்கள், அல்லது பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். கடதாசியில் மடியுங்கள், பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். மரத்தின் பெயர், எடுத்த இடம், திகதி மூன்றையும் எழுதுங்கள். ஊரில் சொல்கிற பெயர் போதும். பாலையும் முதிரையும் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். வீரைப் பூ இன்னும் கிடைக்கவில்லை.